ஸ்ட்ரீட் ஊருக்குக் ‘காலணி ஆலைச் சுற்றுலா’ பதிவு செய்யப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் இருக்கும் ஸ்ட்ரீட் என்ற சிற்றூருக்கு, காலணி ஆலையை உள்ளே சென்று பார்க்கலாம் என்று விளம்பரம் செய்த ஒருநாள் சுற்றுலாவில் 237 பவுண்டைப் பறிகொடுத்த கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். சிறு வேன்காரர்களைச் சேர்த்துவைத்துத் தரகு பார்க்கும் பயண முன்பதிவுத் தளம் அது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் மாமனார் ஆம்பூரில் காலணி ஆலையொன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பிரிஸ்டலில் எங்களோடு தங்க வந்திருக்கும் அவர், கிளார்க்ஸ் காலணி பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார். அந்தத் தளத்தின் பக்கத்தில், 1825இல் சைரஸ் கிளார்க் ஆட்டு ரோமத்தோல் விரிப்பு வியாபாரம் தொடங்கியது, தம்பி ஜேம்ஸ் மிஞ்சிய துண்டுத் தோலில் வீட்டுச் செருப்பு தைத்தது, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பமான அவர்கள் ஊரையே வளர்த்தது எல்லாம் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். தொலைபேசியில் பேசியவரோ, மாமனாரின் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “அப்படியானால் அவரை வெட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்க வைக்கச் சொல்கிறேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் பணம் கட்டினேன். தலைக்கு 79 பவுண்டு, மூவருக்கு 237. அட்டையில் கட்டினால் கூடுதல் கட்டணம், வங்கிப் பரிமாற்றம் என்றால் இல்லை என்றார்கள். தனிநபர் அட்டைகளுக்கு அப்படிக் கூடுதல் கட்டணம் வசூலிப்பது பிரிட்டனில் 2018 ஜனவரி முதலே சட்டவிரோதம்.

வேன் எங்களைத் தள்ளுபடிக் கடைகளின் வாகன நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்த மாமனார், “மாப்பிள்ளை, மெஷின் சத்தமே கேக்கலையே?” என்றார். ஓட்டுநரிடம் விசாரித்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே தலைமை அலுவலகம் இருக்கிறது. பார்ப்பதற்கு ஆலை இல்லை. உற்பத்தியில் பெரும்பகுதி ஆசியாவுக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1993இல் திறக்கப்பட்ட அந்தக் கடைவளாகமே பழைய ஆலை இருந்த இடத்தில்தான் நிற்கிறது. “அந்த வேலைதான் எங்க ஊருக்கு வந்துடுச்சே” என்று சொல்லிவிட்டு மாமனார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் உள்ள காலணி அருங்காட்சியகத்தையாவது அவருக்குக் காட்டலாம் என்றால், அதன் நுழைவுச்சீட்டும் எங்கள் கட்டணத்தில் சேரவில்லை.

இன்னொரு பொய்யும் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கு 20 சதவீத வாட் வரியைத் திரும்பப் பெற்றுத் தரும் படிவம் கொடுப்போம் என்றும் சொல்லியிருந்தார்கள். மாமனாருக்கு ஒரு ஜோடி வாங்கும்போது கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். கடையில் வாங்கிக் கையோடு எடுத்துப் போகும் பொருளுக்கு அந்தச் சலுகை 2021 தொடக்கத்திலிருந்தே இங்கிலாந்தில் இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் வந்தது. அடுத்ததற்கு, வேன் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். வேன் நிறுவனமோ, வண்டி ஓட்டுவது மட்டுமே எங்கள் பொறுப்பு என்று கைகழுவியது. தொலைபேசியில் இனிக்க இனிக்கப் பேசிய மனிதர் இப்போது அழைப்பை எடுப்பதே இல்லை. கடைசியாக வந்த பதிலைப் படித்தபோது உண்மையிலேயே கை நடுங்கியது: பழைய ஆலைக் கட்டடங்களுக்கு நடுவே நீங்கள் நடந்தீர்கள் அல்லவா, அதுவே ஆலைப் பார்வை, நல்லெண்ணத்தின் அடையாளமாக அடுத்த சுற்றுலாவுக்கு 15 பவுண்டு கூப்பன் தருகிறோம். 237 பவுண்டுக்கு 15 பவுண்டு, அதுவும் அவர்களிடமே செலவழிக்க!

போக நினைப்பவர்களுக்கு அவசரமாகச் சில சொற்கள். ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது; பிரிஸ்டலிலிருந்து வெல்ஸ், கிளாஸ்டன்பரி வழியாக 376 எண் பேருந்து போகிறது, தரகர் தேவையே இல்லை. ‘ஆலை’ என்று யார் சொன்னாலும் எந்த ஆலை, எந்த முகவரி என்று எழுத்தில் வாங்குங்கள். 100 பவுண்டுக்கு மேற்பட்ட விலையுள்ள சேவைக்குக் கிரெடிட் கார்டில் கட்டினால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்திடமும் பணத்தைக் கேட்கலாம். வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். 237 பவுண்டும் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுப் போடுவேன்.