அஜிலிட்டி டெமோவுக்கு ஒரு குழுவைக் கூப்பிட்டோம்: நல்லதும் குறையும்

எங்கள் சங்கத்தின் விழாவுக்கு நாய் அஜிலிட்டி டெமோ நடத்தித் தரும் குழு ஒன்றை வரவழைத்தோம். அஜிலிட்டி என்றால், ஆள் வழிகாட்ட, நாய் வரிசையாகத் தடைகளைத் தாண்டி, டன்னல் என்கிற குழாய்க்குள் புகுந்து ஓடும் விளையாட்டு. நாய்கள் எப்படி ஓடின என்று கேட்டால் ஒரே வார்த்தைதான், பிரமாதம். ஆனால் இப்படி ஒரு குழுவைக் காசு கொடுத்துக் கூப்பிடப் போகிறவர்களுக்கு அது பெரிதாக உதவாது. பழகிய நாய் எங்கே விட்டாலும் ஓடும். அது ஓடுகிற இடத்துக்கும் வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கும் நடுவில் இவர்கள் என்ன ஏற்பாடு செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த விஷயத்தில் இவர்களுக்குத் தாராளமாக மார்க் போடுவேன், ஓட்டமெல்லாம் முடிந்த பிறகு நடந்த ஒன்றைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த விளையாட்டே கூட்டத்துக்குக் காட்டுவதற்காகப் பிறந்ததுதான். 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் ஜனங்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று, குதிரைகளின் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து உருவாக்கினார்கள். அங்கே சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நாயோடு பழகியவர்களாக இருந்திருப்பார்கள். பொது விழா அப்படி இல்லை. கையில் பலூன், பந்து, தின்பண்டம் என்று வைத்துக்கொண்டு குழந்தைகள் ஓடும், நாயைப் பார்த்தாலே அலறுகிறவர்களும் இருப்பார்கள், பார்த்ததும் கட்டிப்பிடிக்கப் போகிறவர்களும் இருப்பார்கள்.

முதலில் எனக்குப் பிடித்தது, இவர்கள் 'முடியாது' என்று சொல்லத் தயங்கவில்லை. விழாவுக்கு முன்பே வந்து இடத்தைக் காலால் நடந்து பார்த்தார்கள். நாங்கள் ஒதுக்கியிருந்தது சிமென்ட் தளம் போட்ட வண்டி நிறுத்துமிடம், பார்க்கச் சமமாக அழகாக இருக்கும். அதை உடனே வேண்டாம் என்றார்கள். தாண்டிக் குதித்து இறங்குகிற நாய்க்கு முன்னங்கால் மூட்டில்தான் அடி விழும், வழுக்கவும் செய்யும், வெயில் ஏறினால் பாதம் வெந்துவிடும். ஒருவர் குனிந்து புறங்கையைத் தரையில் வைத்து, ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது என்றார். கடைசியில் பக்கத்திலிருந்த புல்தரைக்கு மாற்றினோம். அங்கேயும் குழி, முளைக்குச்சி, உடைந்த கண்ணாடி எல்லாம் தேடி எடுத்த பிறகுதான் சரி என்றார்கள்.

அப்புறம் நேரம். சிறப்பு விருந்தினர் வருவது நண்பகலில் என்பதால் எங்கள் செயலாளர் அந்த நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். "சார், உச்சி வெயில்ல ஓட விட மாட்டோம். நேரத்தை மாத்துங்க, இல்லன்னா நாங்க வரல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது. உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. செயலாளருக்கு மூஞ்சி கொஞ்சம் சுருங்கியது, ஆனால் டெமோ காலையிலேயே நடந்தது.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓடுகளத்தைச் சுற்றி ஒரு வலைவேலி, அதற்கு வெளியே நன்றாகத் தள்ளி ஒரு கயிறு, கூட்டம் கயிற்றுக்கு அந்தப் பக்கம். எதற்கு இரண்டு என்று கேட்டேன். ஒரே வேலி என்றால் குழந்தை விரலை உள்ளே நீட்டும், நாய் உற்சாகத்தில் மூக்கை வெளியே நீட்டும், யார் யாரைத் தொட்டார்கள் என்று பிறகு பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். இதைவிட நுணுக்கமானது தடைகளை அடுக்கிய விதம். டன்னலுக்குள் போன நாய் வெளியே வரும்போது டன்னலின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் முழு வேகத்தில் பாயும், பார்டர் காலி மாதிரியான வேகமான இன நாய் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் எந்த டன்னலின் வாயும் கூட்டத்தைப் பார்த்து இல்லை. கடைசித் தடையைத் தாண்டினால் நேராக வெளியேறும் கதவு, அங்கே ஒருவர் லீஷோடு தயாராக நிற்கிறார். ஓடி முடித்த நாய்க்கு லீஷ் மாட்டிய பிறகுதான் எதிர்ப்பக்கக் கதவு திறந்து அடுத்த நாய் உள்ளே வரும். ஒரே சமயத்தில் இரண்டு நாய்களைக் களத்தில் நான் பார்க்கவே இல்லை.

சாதனங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தாண்டும் கம்பு இரண்டு பக்கமும் சின்னக் கிண்ணத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது, கால் பட்டால் விழுந்துவிடும். நாய் உள்ளே புகுந்து தாண்டுகிற டயர், மோதினால் இரண்டாகப் பிரிந்துகொள்ளும் வகை. டன்னல் உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் பை, அது போதாதென்று ஒருவர் உள்ளேயே தவழ்ந்து போய் மடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஏ-ஃப்ரேம், அதாவது நாய் ஏறி இறங்குகிற 'A' வடிவச் சாய்வுப் பலகை, சர்வதேச நாய் அமைப்பான எஃப்.சி.ஐ.யின் போட்டிகளில் 1.70 மீட்டர் உயரம் இருக்கும், இங்கே அதைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தாழ்த்தியிருந்தார்கள். பதக்கமா தரப் போகிறார்கள், எதற்கு ரிஸ்க் என்றார் அதை மாட்டியவர். ஒரு வயது நிரம்பாத குட்டி ஒன்று இருந்தது. அதைத் தாண்டவே விடவில்லை, நேரான டன்னலுக்குள்ளும் தரையில் கிடத்திய கம்புகளுக்கு மேலும் நடத்தியதோடு சரி. எஃப்.சி.ஐ. போட்டிக்கே 18 மாதம் ஆன பிறகுதான் சேர்ப்பார்கள் என்பதால் இது நியாயம்தான். கூட்டம் அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டியது என்பது வேறு விஷயம்.

கழுத்துப் பட்டை இல்லாமல் நாயை அவிழ்த்து விடுகிறார்களே என்று எங்கள் ஆட்கள் சிலர் பதறினார்கள். ஓடும்போது பட்டை எங்காவது மாட்டி இழுத்தால் கழுத்துக்கு ஆபத்து, அதனால்தான் கழற்றுகிறார்கள். இதை மைக்கில் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி பேர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

மைக் என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்பீக்கர் களத்தைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் பட்டாசு கூடாது என்று எங்களிடம் எழுதி வாங்கியவர்கள், மைக் பிடித்த தங்கள் ஆளையே அடக்கவில்லை. அவர் உற்சாகத்தில் ஒரு நாயின் பெயரைச் சொல்லிக் கூவ, சீசா என்கிற ஏற்ற இறக்கப் பலகையின் நடுவில் இருந்த அந்த நாய் நின்று திரும்பிப் பார்த்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்காமல் என்ன செய்யும்? அதை வழிநடத்துகிற ஹேண்ட்லர் பதறாமல் கையைக் காட்டி இறக்கிவிட்டார்.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். டெமோ முடிந்ததும் 'வந்து தொட்டுப் பார்க்கலாம்' என்று அறிவித்தார்கள். அவ்வளவு நேரம் கட்டிக் காத்த இரண்டு வேலியும் ஒரு நிமிடத்தில் அர்த்தமில்லாமல் போயிற்று. குழந்தைகள் மொத்தமாகப் பாய்ந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு நாய் காதைப் பின்னால் மடித்து, உதட்டை நக்கி நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. போதும் என்று நாய் சொல்வது இப்படித்தான், அதைக் கவனிக்காவிட்டால் அடுத்தது உறுமல், அதற்கடுத்தது கடி. அதன் ஹேண்ட்லரோ யாரோடோ செல்ஃபிக்கு நின்றுகொண்டிருந்தார். வேறொருவர் பார்த்துவிட்டு வந்து நாயைக் கூண்டுக்குக் கூட்டிப் போனார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் அது அவர்கள் திறமையால் இல்லை, அந்த நாயின் பொறுமையால். வரிசையில் ஒவ்வொரு குழந்தையாக விட்டு, தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் மார்புப் பக்கமாகத் தடவச் சொல்லி, நாய் விலகினால் விட்டுவிட வேண்டும். இவ்வளவு தெரிந்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அங்கேயே சொன்னேன், மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார்கள். இனிமேல் கூட்டத்துக்குப் பழகிய நாய்களை மட்டும் அதற்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொட்டுப் பார்க்கும் பகுதியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றுகளைக் கேட்காமலே காட்டினார்கள், காப்பீட்டுப் பத்திரத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.