மூலக்கூறு அச்சுப் பாலிமர்: எந்த ரேடிக்கல் முறை பொருந்தும்?

மூலக்கூறு அச்சுப் பாலிமர் செய்ய, ஒரு மூலக்கூறை வார்ப்பாக வைத்து, அதைச் சுற்றி மெதாக்ரிலிக் அமிலம் போன்ற மோனோமர்களை (பாலிமர்ச் சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறுகளை) ஹைட்ரஜன் பிணைப்பால் நிற்க வைத்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்கிணைப்பியை நிறையச் சேர்த்து இறுக்குகிறோம். பிறகு வார்ப்பைக் கழுவி எடுத்தால் அதற்கு மட்டுமே பொருந்தும் குழி மிஞ்ச வேண்டும்.

வழக்கமான ரேடிக்கல் முறையில், அதாவது இணையில்லா எலக்ட்ரான் உள்ள முனை மோனோமர்களை ஒவ்வொன்றாகக் கோக்கும் முறையில், சங்கிலிகள் கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்து முடிந்துவிடுகின்றன. வலை ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் தளர்வாகவும் அமைவதால் குழிகளின் தரமும் ஏறுக்குமாறாகிறது. கட்டுப்படுத்தப்பட்ட முறைகளில் பெரும்பாலான சங்கிலிகள் உறங்கிக்கிடக்கும். சற்றே விழித்துச் சில மோனோமர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி உறங்கும். வளர்ச்சி மெதுவாக நடப்பதால் வலை சீராக அமைய வாய்ப்பு அதிகம். ஆனால் எந்த முறையை எடுத்தாலும், வார்ப்புக்கும் மோனோமருக்கும் உள்ள அந்த மெல்லிய பிடிப்பை அது கலைக்காமல் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்த அளவுகோலில், நைட்ராக்சைடு சேர்மத்தால் சங்கிலியை உறங்கவைக்கும் முறை சீக்கிரமே விழுந்துவிடும். டெம்போ என்ற நைட்ராக்சைடை வைத்துச் செய்தால் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் பிணைப்பு தளர்ந்துபோகும். மெதாக்ரிலேட்டுகளோடும் டெம்போவுக்கு ஒத்துவராது.

1995-இல் வந்த ஏ.டி.ஆர்.பி. (அணு மாற்ற ரேடிக்கல் பாலிமராக்கம்) அறை வெப்பநிலையிலேயே நடக்கும். பிடிப்பைக் காக்க இது பெரிய வசதி. சிக்கல் தாமிர வினையூக்கியில் இருக்கிறது. அமில மோனோமர், தாமிரத்தைப் பிடித்திருக்கும் மூலக்கூறான ஈனியைப் புரோட்டானேற்றி முடக்கலாம். அமீன் உள்ள வார்ப்பு தாமிரத்தோடு தானே போய் ஒட்டிக்கொள்ளலாம். அச்சுப் பாலிமரில் அதிகம் பயன்படும் மோனோமரே அமிலம் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. அமிலமில்லாத மோனோமர் போதுமென்றால் தாராளமாக எடுக்கலாம்.

1998-இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் அறிவித்த ராஃப்ட் (சங்கிலிகளிடையே ரேடிக்கலை மாற்றிக் கட்டுப்படுத்தும் முறை) தான் என் முதல் தேர்வு. உலோகம் வேண்டாம், அமில மோனோமரையும் தாங்கும். வழக்கமான செய்முறையில் டைதயோபென்சோயேட் போன்ற ஒரு சங்கிலி மாற்றுப்பொருளைச் சேர்த்தாலே போதும். பாலிமர் கரைசலிலிருந்து துகளாகப் பிரியும் வீழ்படிவு முறையோடு சேர்த்தால் ஒரே அளவான துகள்கள் கிடைக்கும். துகளின் மேல் உயிரோடிருக்கும், அதாவது இன்னும் வளரக்கூடிய, முனைகளில் நீர் விரும்பும் சங்கிலிகளை வளர்க்கவும் முடியும். தண்ணீரில் வேலை செய்யும் அச்சுப் பாலிமர் வேண்டுவோருக்கு இது பெரிய வரம். குறை இல்லாமல் இல்லை: வார்ப்பில் முதனிலை அமீன் இருந்தால் அது மாற்றுப்பொருளின் டைதயோஎஸ்டர் பகுதியை வெட்டிவிடும். நிறமும் கந்தக வாடையும் கூடவே வரும்.

மெல்லிய படலம்தான் தேவை, உணரிக்காகவோ சிலிக்கா மணிகளின் மேல் பூச்சாகவோ என்றால், இனிஃபெர்ட்டரையே சொல்வேன். சங்கிலியைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரே பொருளைப் பயன்படுத்தும் இது, ஜப்பானிய வேதியியலாளர் ஒட்சு 1982-இல் முன்வைத்த முறை. அப்படிப்பட்ட பொருளான டைதயோகார்பமேட்டைப் பரப்பில் கட்டிவிட்டுப் புறஊதா ஒளி காட்டினால் அங்கேதான் சங்கிலி வளரும். விளக்கை அணைத்தால் வளர்ச்சி நிற்கும், தடிமன் நம் கையில். சங்கிலி நீளத்தின் மீதான கட்டுப்பாடு ராஃப்ட் அளவுக்கு வராது; படலத்துக்கு அது பெரிதாகத் தேவைப்படுவதுமில்லை. வார்ப்பு புறஊதாவில் சிதையக்கூடியதா என்று மட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று: குறுக்கிணைப்பி 80 சதவீதத்தைத் தொடும் கலவையில், கூழ் இறுகியபின் சங்கிலி முனைகள் வலைக்குள் சிக்கிக்கொள்கின்றன. அதன்பின் எந்த முறையிலும் கட்டுப்பாடு பெயரளவுக்குத்தான். எனவே சீரான வலை கிடைத்துவிட்டது என்று முறையின் பெயரை வைத்து நம்ப வேண்டாம். வார்ப்பு இல்லாத ஒப்பீட்டுப் பாலிமரையும் அதே மாற்றுப்பொருள், அதே அளவு, அதே வெப்பநிலையில் செய்து, இரண்டின் பிணைப்பையும் அருகருகே அளந்து பாருங்கள்.