அமைலேஸ் தயாரிக்கத் தீவனக் கடைத் தவிடு: வாங்கலாமா?

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் நொதியை எடுக்க, மாட்டுத்தீவனக் கடையில் மூட்டையாக விற்கும் கோதுமைத் தவிடே தாராளமாகப் போதும். மாவுச்சத்தும் புரதமும் அதிலேயே இருக்கின்றன. ஆனால் பெருந்தவிடாகக் கேட்டு வாங்குங்கள். பொடித்தவிடு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) களியாகக் கட்டிக்கொள்ளும். காற்று புகாமல் நடுப்பகுதி அப்படியே கிடக்கும். உப்பு கலந்த கலப்புத் தீவனம் வேண்டவே வேண்டாம்.

250 மி.லி. குடுவையில் 10 கிராம் தவிடு, 13 மி.லி. தாது உப்புக் கரைசல். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். நீர் சொட்டினால் ஈரம் அதிகம். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, நன்றாக ஆறியபின் 2 மி.லி. பாக்டீரியா வளர்ப்பைக் கலந்து 37 டிகிரியில் 48 மணி நேரம் விடுங்கள். பிறகு 100 மி.லி. பாஸ்பேட் கரைசல் (பி.எச். 7) ஊற்றி அரை மணி நேரம் குலுக்கி, மெல்லிய துணியில் பிழிந்தால் நொதிச்சாறு.

ஒரே ஒரு தொல்லை, தவிட்டிலேயே சர்க்கரை உண்டு. நொதி உண்டாக்கும் சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் டிஎன்எஸ் சோதனையில், கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த சாற்றையும் ஒப்பீட்டுக்கு வைக்காவிட்டால் இல்லாத நொதியும் இருப்பதாகவே காட்டும். பூசண வாடை அடிக்கும் மூட்டையை, விலை குறைத்தாலும் தொடாதீர்கள்.