வயசான நாய்க்கு மூட்டுவலி: க்ளூகோசமைனா, மெலாக்சிகாமா, மாசம் ஒரு ஊசியா?

எங்க ஜூலிக்கு 11 வயசு, லேப்ரடார். போன மழைக்காலத்துல இருந்து எந்திரிக்கவே ரெண்டு மூணு தடவ முயற்சி பண்ணுவா, முன்னங்கால ஊன்றி பின்பக்கத்த இழுப்பா, டைல்ஸ்ல நகம் கீச்னு வழுக்கும், சரி வேணாம்னு திரும்ப படுத்துக்குவா. வயசாயிடுச்சு அவ்ளோதான்னு நாங்களும் விட்டுட்டோம். வலிச்சா கத்துமேன்னு ஒரு நினைப்பு. நாள்பட்ட வலிக்கு நாய் கத்தாது, பேசாம மாடிப்படி ஏறுறத நிறுத்திடும். எக்ஸ்ரே எடுத்தப்ப ரெண்டு இடுப்பு மூட்டும் தேஞ்சிருந்துச்சு.

எல்லாரும் மொதல்ல வாங்குறது மூட்டுக்குன்னு விக்கிற க்ளூகோசமைன், காண்ட்ராய்ட்டின் சத்து மாத்திரைதான், நாங்களும் அப்படித்தான், ஏன்னா அது மருந்து மாதிரி பயமுறுத்தாது, பிஸ்கட் மாதிரி தின்னுட்டு போயிடும். மூணு மாசம் குடுத்தோம், டப்பா தீர்ந்ததுதான் மிச்சம். 2022-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புலயும் இதுக்கு வலி குறைக்கிற பலன் இல்லன்னும் மீன் எண்ணெய்ல இருக்கிற ஒமேகா 3 கொழுப்புக்கு பலன் இருக்குன்னும்தான் முடிவு சொல்லிருக்காங்க. ஆக இந்த ரெண்டுல காசு போடணும்னா மீன் எண்ணெய்க்கு போடுங்க, ஆனா மீன் ஈரல் எண்ணெய் வேற, அதுல வைட்டமின் ஏ-வும் டி-யும் அதிகம், டப்பாவ படிச்சுட்டு வாங்குங்க. மீன் எண்ணெயும் ஒரு வாரத்துல ஒண்ணும் காட்டாது, மாசக்கணக்குல குடுக்கணும்.

அடுத்து வலி மாத்திரை. இங்க வெட் (கால்நடை டாக்டர்) அதிகமா எழுதுறது மெலாக்சிகாம், இல்லன்னா கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப். கிட்னி போயிடும்னு பயந்து நாங்க தள்ளிப்போட்டதுதான் பெரிய தப்பு. பயம் நியாயம்தான், ஆனா அதுக்கு வழி ரத்தப் பரிசோதனை: ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லிவர், கிட்னி பாக்கணும், அப்புறமும் வெட் சொல்ற இடைவெளில பாக்கணும், சாப்பாட்டோட குடுக்கணும், வாந்தியோ கருப்பா மலமோ வந்தா உடனே நிறுத்திட்டு போன் பண்ணணும், ஸ்டீராய்டோட சேர்க்கவே கூடாது. ஜூலிக்கு நாலாவது நாளே வித்தியாசம் தெரிஞ்சுச்சு, கேட் சத்தம் கேட்டதும் ஒரே மூச்சுல எந்திரிச்சு வாசலுக்கு போயிட்டா, அன்னிக்குத்தான் இவ்ளோ நாள் வலியோடவே இருந்திருக்கான்னு உறைச்சுது.

ஆனா மெலாக்சிகாம்தானேன்னு வீட்ல இருக்கிற மாத்திரைய உடைச்சு குடுக்காதீங்க. வழக்கமான டோஸ் மொத நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அப்புறம் 0.1. 30 கிலோ நாய்க்கு தினமும் 3 மில்லிகிராம்தான், நம்ம மாத்திரை 7.5, 15-னு வருது, கணக்கு போட்டுக்கோங்க. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே போகக்கூடாது, வயித்துல புண்ணு, ரத்தக்கசிவு, கிட்னி பாதிப்புன்னு இழுத்துட்டு போயிடும். எங்கம்மா பாசமா தைலம் தேய்க்க வந்தாங்க, அதுவும் வேணாம், நாய் நக்கும், கற்பூரமும் விண்டர்கிரீன் எண்ணெயும் அதுக்கு விஷம். வெதுவெதுப்பா ஒத்தடம் குடுங்கன்னு சொல்லிட்டேன், இப்ப அது அவங்க டிபார்ட்மெண்ட்.

மாசம் ஒரு ஊசி போடுற பெடின்வெட்மாப் வெளிநாட்டுல பெருசா ஓடுது, வலி சிக்னல் கடத்துற ஒரு புரதத்தையே பிடிச்சு நிறுத்துது, ஐரோப்பாவுல 2020-ல, அமெரிக்காவுல 2023-ல அனுமதி. தினம் மாத்திரை திணிக்கிற போராட்டம் இல்ல, அது பெரிய ப்ளஸ். ஆனா 2024 டிசம்பர்ல அமெரிக்க மருந்து ஆணையமே, தள்ளாட்டம், வலிப்பு மாதிரி புகார்கள் வந்திருக்குன்னு வெட்களுக்கு கடிதம் போட்டுச்சு. மாத்திரை ஒத்துக்காத நாய்க்கு வெட்டோட உக்காந்து யோசிக்கலாம், மொத சாய்ஸா நான் போகமாட்டேன். நரம்பு வலிக்கு குடுக்குற காபாபென்டின் மாத்திரை தனியா பெருசா ஒண்ணும் செய்யல, மெலாக்சிகாமோட சேர்த்தப்ப ராத்திரி நல்லா தூங்குனா, ஆனா மொத ரெண்டு நாள் குடிகாரன் மாதிரி ஆடுனா.

இது எல்லாத்தையும் விட எடை. அவ 38 கிலோ இருந்தா, இப்ப 33. உடம்பு எடைல 6 சதவீதத்துக்கு மேல குறைஞ்சாலே நொண்டல் கண்ணுக்கு தெரியுற மாதிரி குறையும்னு ஆராய்ச்சியே இருக்கு. என்ன செஞ்சோம்னா, வீட்ல ஆளாளுக்கு போட்ட பிஸ்கட்டையும் தயிர்சாதத்தையும் நிறுத்திட்டு சாப்பாட்ட சமையல் தராசுல நிறுத்து போட்டோம், அப்பா மட்டும் ஒளிச்சு ஒளிச்சு இட்லி போட்டு மாட்டிக்கிட்டாரு. நடையும் ஒரே நேரத்துல நாப்பது நிமிஷம் வேணாம், பத்து பத்து நிமிஷமா மூணு தடவ. ஹால்ல ரப்பர் மேட் போட்டோம், அதுக்கு ஆன செலவு ஒரு டப்பா க்ளூகோசமைன் விலைதான்.

இப்ப பிரச்சனை வேற. எந்திரிக்க முடியுதுன்னு தெரிஞ்சதும் சோபா மேல தாவப் பாக்குறா, தாவி இறங்குனா மூட்டுக்கு அடி, அதனால ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல முன்னாடி அடைச்சு வெச்சிருக்கோம்.