லைவ் ராக் என்று நம்பி வாங்கிய செம்பு ஊறிய கற்கள்: முதல் ரீஃப் தொட்டி வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குறைந்த செலவில் சிறியதொரு ரீஃப் தொட்டியை (பவளங்களும் வாழும் கடல்நீர்த் தொட்டி) அமைக்க எண்ணி, பழைய லைவ் ராக்கையும் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியேறிய கற்கள்) மணலையும் யாராவது மலிவாகக் கொடுப்பார்களா என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான்கு மாதங்களில் இரண்டு க்ளீனர் இறால்களும் ஆறு நத்தைகளும் மூன்று ஹெர்மிட் நண்டுகளும் என் கண்ணெதிரே செத்தன. அவற்றைக் கொன்றது எது என்பது, எனக்குப் பொருள்களை விற்ற கடைக்காரருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

80 லிட்டர் தொட்டி ஒன்றுக்கான செலவைக் கணக்கிட்டபோது, விளக்கை அடுத்து அதிகப் பணத்தை விழுங்கக்கூடியவை கற்கள்தான் என்று தெரிந்தது. அந்த நேரத்தில்தான் அந்தக் கடையில், இரண்டு ஆண்டுகள் ஓடிய தொட்டியைக் கலைத்து எடுத்தது என்று சொல்லி, கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட், விளக்கு, சுமார் பத்து கிலோ லைவ் ராக், ஒரு மூட்டை அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) மணல் ஆகிய அனைத்தையும் ஒரே விலைக்குக் கொடுக்க முன்வந்தார்கள். புதிய உலர்ந்த கற்களில் தொடங்கினால், அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும்; இவையோ பழகிய கற்கள், காத்திருக்கவே வேண்டாம் என்றார் கடைக்காரர். பாக்டீரியா விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மையைக் காட்டித்தான் மற்றதை மறைத்தார்.

தொட்டியை அமைத்ததில் நான் எதையும் அவசரப்படுத்தவில்லை. நீரில் கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டுமளவு சுத்திகரித்த ஆர்.ஓ.டி.ஐ. நீரையே பயன்படுத்தினேன். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற கணக்கில் ரீஃப் உப்பைக் கரைத்து, அளவுத்திரவம் கொண்டு சரிபார்த்த, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வரும்வரை காத்திருந்தேன். வெப்பநிலை 25 டிகிரிக்கும் 26 டிகிரிக்கும் இடையில் நிலைத்தது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இருந்த பிறகே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். அவை முதல் நாளே இரை எடுத்தன.

மூன்றாவது வாரம் ஒரு க்ளீனர் இறாலை வாங்கிவந்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு மணி நேரம் பழக்கிய பின் உள்ளே விட்டேன். கல்லின் மேல் இறங்கிய இறால் சில நிமிடங்களில் பின்னோக்கித் துள்ளியது, கண்ணாடியில் மோதியது, பிறகு மணலில் ஒருக்களித்துக் கிடந்து, வெண்ணிற மீசைகள் நீரோட்டத்தில் அலைய, வயிற்றடிக் கால்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. காலையில் அதன் உடல் வெளுத்திருந்தது. அடுத்த சில நாட்களில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து பிடி நழுவி விழுந்தன. திருப்பி நிறுத்திவைத்தாலும் பாதம் தளர்ந்து வெளியே தொங்கியதே தவிர, மீண்டும் ஒட்டவில்லை.

கடையில் கேட்டபோது, பழக்கிய விதம் சரியில்லை என்று இன்னொரு இறாலை விற்றார்கள். அதுவும் இறந்ததும், தோலுரிக்க அயோடின் போதவில்லை என்று ஒரு புட்டியைக் கொடுத்தார்கள். அந்தக் கடையில் வாங்கிய காளான் பவளம் சுருங்கி, பவளங்களோடு வளர்க்கும் ஸோவாந்திட்கள் என்ற பூப்போன்ற உயிரிகள் நாட்கணக்கில் திறக்காமல் கிடந்தபோது, பாக்டீரியா புட்டி ஒன்றையும் வாங்கவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் தவறு என்னுடையதாகவே சொல்லப்பட்டது. புதிதாகத் தொடங்குபவனுக்குத் தன் கைமேல் நம்பிக்கை குறைவு என்பதால் நானும் அதை ஏற்றுக்கொண்டேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

விளக்கணைத்த பிறகு ஓர் இரவு டார்ச் வெளிச்சத்தில் கற்களைப் பார்த்தபோதுதான் சந்தேகம் தட்டியது. உண்மையான லைவ் ராக்கில் இருட்டில்தான் வாழ்க்கை தொடங்கும்: துளைகளிலிருந்து முட்புழுக்கள் நீளும், ஆம்பிபாடுகள் என்ற இறால் போன்ற சிற்றுயிர்கள் ஓடும், மிகச் சிறிய நட்சத்திர மீன்கள் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும், இரண்டு ஆண்டுகள் தண்ணீரில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் கற்களில் ஓர் அசைவுகூட இல்லை.

மறுநாள் செம்பு அளக்கும் டெஸ்ட் கிட் வாங்கினேன். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் காட்டியது. இயற்கைக் கடல்நீரில் செம்பு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். பெரும்பகுதி நீரை மாற்றியதும் அளவு இறங்கியது. எட்டு நாட்களில் மீண்டும் ஏறியது. நான் கலந்த நீரில் செம்பு இல்லை என்பதைத் தனியாக அளந்து உறுதி செய்துகொண்டேன். எனவே அது கற்களிலிருந்தும் மணலிலிருந்தும்தான் வந்துகொண்டிருந்தது. செம்பை உறிஞ்சினால் நிறம் மாறும் வடிகட்டித் துண்டு ஒன்றை நீரோட்டத்தில் வைத்தேன். ஓரங்களில் நீலம் படர்ந்தது.

கடல்மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து கொடுப்பது வழக்கம். அளவு பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலான மீன்கள் தாங்கும். ஆனால் அதே அளவு இறால், நத்தை, நண்டு, பவளம் ஆகியவற்றுக்கு நஞ்சு. இறாலின் இரத்தத்திலேயே செம்பு உண்டு என்றாலும், நீரில் கரைந்த செம்பு அளவு மீறினால் அதன் செவுள்களைத்தான் முதலில் தாக்குகிறது. அதனால்தான் இந்த மருந்தைக் கல்லோ மணலோ இல்லாத தனித் தொட்டியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். கால்சியம் கார்பனேட்டால் ஆன கல்லும் மணலும் செம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு, மருந்தை நிறுத்திய பிறகும் பல மாதங்களுக்குக் கொஞ்சங்கொஞ்சமாக நீரில் விடும்.

அளவீடுகளை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மறுத்துக்கொண்டிருக்கும்போதே, அங்கு வேலை பார்க்கும் பையன், "அண்ணா, அது நாம மருந்து போட்ட மீன் தொட்டிக் கல்லுதானே" என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு அவர் குரல் மாறியது. "மீன் நல்லாத்தானே இருக்கு சார், மீனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். நான் ரீஃப் தொட்டிக்காகக் கேட்டதும், காளான் பவளத்தை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அவருக்கு நினைவில் இல்லையாம். பணம் திரும்பத் தர முடியாது, வேண்டுமானால் கற்களைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். எடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "யாராவது கேப்பாங்க" என்றார். நான் கொடுக்கவில்லை.

பழைய கற்களை வாங்க நினைப்பவர்கள், அவை கிடக்கும் தொட்டியை ஓடும் நிலையிலேயே பார்க்க வேண்டும். அதே நீரில் நத்தையோ இறாலோ பவளமோ பல மாதங்களாக உயிரோடு இருப்பதைக் கண்ணால் காணாமல் வாங்காதீர்கள். மீன்கள் மட்டும் உள்ள தொட்டியென்றால், எந்த மருந்து எப்போது போடப்பட்டது என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்தக் கற்கள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கற்கள் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டவர்கள், அவற்றை ஒரு வாளி உப்புநீரில் ஒரு வாரம் ஊறவைத்துச் செம்பை அளந்து பார்க்கலாம். அளவீட்டில் செம்பு தென்படாவிட்டாலும் அதை மட்டும் நம்பாமல், தொட்டியில் முதலில் ஒரே ஒரு நத்தையை விட்டு இரண்டு வாரம் கவனியுங்கள்.

செலவைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. கீறலும் கசிவும் இல்லாத பழைய கண்ணாடித் தொட்டி, பவர்ஹெட், ரீஃபுக்கென்றே செய்யப்பட்ட பழைய விளக்கு ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். இவ்வளவு சிறிய தொட்டியில் மீன்கள் குறைவாக இருந்து, வாரந்தோறும் பத்து முதல் பதினைந்து சதவீத நீரை மாற்றினால், நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் தவிர்த்துவிடலாம். நானோ உலர்ந்த கல்லை வாங்க மனமில்லாமல், ஆறு வாரக் காத்திருப்பை மிச்சப்படுத்த நினைத்து, நான்கு மாதங்களைத் தொலைத்தேன்.

இப்போது புதிய உலர்ந்த கற்கள், புதிய மணல். நைட்ரைட் பூஜ்யத்துக்கு இறங்க 38 நாட்கள் ஆயின. கோமாளி மீன்கள் அதுவரை கல்லில்லாத தனித் தொட்டியில் இருந்தன. முதலில் விட்ட ஒற்றை நத்தை இரண்டு வாரம் தாண்டிய பிறகே இறாலைக் கொண்டுவந்தேன். நேற்றுக் காலை அது உரித்துப் போட்ட தோல், மீசை நுனிவரை முழுதாக, மணல்மேல் கிடந்தது. பழைய கற்களை வேறு யார் தொட்டிக்கும் போய்விடாதபடி சுத்தியலால் உடைத்துக் குப்பையில் சேர்த்துவிட்டேன்.