வாட்டர் பம்பும் 800 ரூபாய்க் கூலியும்

கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அம்மாவைப் பாபநாசத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி.

அப்பாவின் பழைய வேகன்-ஆர் அது. நான் சிட்னியிலிருந்து வருவதற்கு ஒரு மாதம் முன்புதான், இதே கோளாறுக்கு டவுனில் ஒரு பட்டறையில் 6,500 ரூபாய் கொடுத்திருந்தார். ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் புதுசு என்றார்கள். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்ஜினை ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி, மெதுவாக அம்பாசமுத்திரத்துக்கு உருட்டிப் போனோம். வேப்பமரத்தடியில் ஒரு சின்னப் பட்டறை. அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். ஸ்பேனரைத் தொடும் முன் அவர் கேட்டது ஒரே கேள்வி: "மைலேஜ் கொறஞ்சிருக்கா தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா ஒரு மாதமாகப் போனில் புலம்பிக்கொண்டிருந்தது அதைத்தான்.

"அப்ப தெர்மோஸ்டாட்டக் கழத்திப் போட்டிருப்பாங்க. நம்ம வெயிலுக்கு அது எதுக்குன்னு நெனைக்காங்க."

திறந்து காட்டினார். உள்ளே காலி. இன்ஜின் சீக்கிரம் சூடாகி, அந்தச் சூட்டிலேயே நிற்பதற்குத்தான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். வடிந்த தண்ணீரும் செங்காவி நிறத்தில் இருந்தது. கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் பம்பைக் கழற்றினார். பெல்ட் மாட்டும் புல்லியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, "சுத்திப் பாருல" என்று பையனிடம் நீட்டினார். பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டுத் தொழில் பழக வந்திருக்கும் பையன். அவன் விரலால் தொட்டதும் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம் தனியாகச் சுற்றியது. தண்டு அசையவே இல்லை. பெல்ட் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தண்ணீர் ஓடாது, எத்தனை ரேடியேட்டர் மாற்றினாலும் சூடு இறங்காது. ஒரு மாதத்தில் கழன்றுபோன டூப்ளிகேட் பம்ப்.

அப்பா போனில், பக்கத்துக் கடையில் 600 ரூபாய்க்கே பம்ப் கிடைக்குமே என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டார். "அத மாட்டணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க தம்பி. நாளைக்கு வண்டி நடுவழியில நின்னா எம்பேரைத்தான சொல்லுவாங்க."

ஒரிஜினல் பம்ப் மறுநாள் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தது. பழையதோடு ஒட்டி வைத்து ஒவ்வொரு துளையையும் சரிபார்த்தார். புது தெர்மோஸ்டாட்டையும் அப்படியே மாட்டவில்லை. நூலில் கட்டி, அடுப்பில் கொதிக்கும் சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். வால்வு மெல்லத் திறந்ததைப் பையனும் நானும் குனிந்து பார்த்தோம். வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகே மாட்டினார்.

பில்: பம்ப் 1,650, தெர்மோஸ்டாட் 550, கூலன்ட் 350, கூலி 800. மொத்தம் 3,350 ரூபாய்.

அந்த 800-ஐத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சிட்னியில் மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியே நூறு டாலருக்கு மேல். இங்கே இரண்டு நாள் உழைப்பு, நாற்பது வருடக் கைப்பழக்கம், அந்த ஒற்றைக் கேள்வி எல்லாம் சேர்ந்து 800. நம் ஊரில் சாமானுக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுக் கூலியில்தான் பேரம் பேசுகிறோம். எனக்கு அது நியாயமாகவே படவில்லை. கூடுதலாக ஆயிரம் ரூபாய் நீட்டினேன். "கூலி இவ்வளவுதான் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ரேடியேட்டர் கசிவைக் கண்டுபிடிக்க அவரிடம் இருப்பது, சைக்கிள் பம்பில் வால்வைப் பொருத்தி அவரே செய்துகொண்ட ஒன்று. சிட்னிக்குத் திரும்பியதும் நல்ல பிரஷர் டெஸ்டர் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் முதலில் ஏறுவது அதுதான். கூலியாகக் கொடுத்தால் வாங்க மாட்டார், பையன் கையில் கொடுத்துவிட வேண்டும்.