பரவளையத் தட்டா, புனலா? வீட்டில் செய்யும் சூரியக் குவிப்பான்கள்

பகலில் சூடாக்கவும் இரவில் மின்சாரமின்றிக் குளிர்விக்கவும் ஒரே கருவி வேண்டுமென்றால், வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும் குழிந்த பரவளையத் தட்டை விட, உட்புறம் பளபளக்கும் அட்டைப் புனலே மேல் என்பது என் முடிவு.

சூட்டை மட்டும் கருதினால் தட்டுக்கு ஈடில்லை. 1.4 மீட்டர் விட்டமுள்ள தட்டின் பரப்பு ஏறத்தாழ 1.5 சதுர மீட்டர். தெளிந்த நண்பகலில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் வெயில் விழுவதால், இழப்புகள் போகவும் 600 வாட் அளவுக்குப் பாத்திரத்தில் சேரும். எண்ணெய் காய வைத்துப் பொரிக்கவும் அது போதும். ஆனால் கால் மணிக்கொரு முறை தட்டைத் திருப்ப வேண்டும். கதிர்கள் சேரும் புள்ளியான குவியம் கையைச் சுடும், கண்ணைக் கெடுக்கும். பழைய டிடிஎச் தட்டில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டுவோர், அதன் குவியம் தட்டின் நடுவுக்கு நேரே இல்லை என்பதை மறக்கக் கூடாது. தட்டின் முன்னால் நீட்டிய கம்பியில் சிக்னலை வாங்கும் எல்என்பி கருவி இருந்த இடமே பாத்திரத்துக்குரிய இடம்.

புனல் அடுப்பை வடிவமைத்தவர் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியராக இருந்த ஸ்டீவன் ஜோன்ஸ். அட்டையில் அலுமினியத் தாளை ஒட்டிப் புனலாக வளைத்து, கறுப்புப் பூசிய பாத்திரத்தைப் பாலித்தீன் பைக்குள் இட்டு உள்ளே வைத்தால் வேலை முடிந்தது. சோறும் பருப்பும் மெதுவாகத்தான் வேகும், பொரிக்க இயலாது. ஆயினும் வாய் அகன்றிருப்பதால் அடிக்கடி திருப்ப வேண்டியதில்லை.

இரவில்தான் உண்மையான வேறுபாடு தெரிகிறது. வெயிலைப் போலக் குளிரைக் குவிக்க முடியாது. பாத்திரம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானுக்கு விடுகையில், சுவரும் மரமும் வீசும் வெப்பம் அதன்மேல் படாமல் மறைப்பதே குவிப்பானின் பணி. வானை நோக்கி நிமிர்த்திய புனல் பாத்திரத்தைச் சுற்றி நின்று இதைச் செய்கிறது. தட்டின் குவியத்தில் வைத்த பாத்திரமோ பக்கங்களில் திறந்து கிடக்கிறது. பைக்குப் பதிலாகக் கண்ணாடி மூடியை வைக்கக் கூடாது, ஏனெனில் பாலித்தீன் வழியே செல்லும் அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

வறண்ட, மேகமற்ற இரவுகளில்தான் இந்தக் குளிர்ச்சி நன்கு கிடைக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றிலுள்ள நீராவி வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதால் பயன் மிகவும் குறையும். ஆனால் அதே ஈரமும் மெல்லிய மேகமும் பகலில் நேர்க்கதிரை மட்டுமே குவிக்கக்கூடிய தட்டைத்தான் அதிகம் பாதிக்கும்; புனலோ சிதறிய ஒளியிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும்.